இண்டி பாட்டும் 555 புத்தகமும்: ஆப் எப்படிப் பாட்டுச் சொல்கிறது?

“தம்பி, நம்ம மனசுல என்ன ஓடுதுன்னு இந்த ஆப்புக்குத் தெரியும்டா” என்பார் ஒருவர். “போங்கண்ணே, காசு கொடுத்தவன் பாட்டைத்தான் தள்ளுறானுங்க” என்பார் எதிரில் இருப்பவர். சுங்கை சிப்புட்டில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் தே தாரிக் ஆறுவதற்குள் இந்த இரண்டையும் கேட்டுவிடலாம். இரண்டிலும் பாதிகூட உண்மை இல்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற பாட்டு ஆப்புக்கு மனசு தெரியாது. பெரும்பாலான பாட்டுகள் காசு கொடுத்ததால் வந்து நிற்பதும் இல்லை. உள்ளே நடப்பது வெறும் கணக்கு. அது புரிந்துவிட்டால், வாராவாரம் ஏன் ஒரே மாதிரிப் பாட்டாக வருகிறது, பக்கத்துத் தாமான் பையன்கள் போட்ட பாட்டு ஏன் கண்ணிலேயே படுவதில்லை, 1989இல் வந்த ஒரு பாட்டு ஏன் திடீரென்று முளைக்கிறது என்பதெல்லாம் விளங்கும். வேண்டிய பாட்டை வரவழைக்கவும் வழி தெரியும்.

## முதலில், எதை இண்டி என்கிறோம்?

இந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துவதால்தான் பாதிக் குழப்பம். ஆரம்பத்தில் இது வியாபாரச் சொல். யுனிவர்சல், சோனி, வார்னர் என்று பாட்டு வியாபாரத்தில் மூன்று பெரிய நிறுவனங்கள் உண்டு. அவற்றைச் சாராத சின்ன வெளியீட்டு நிறுவனம், அதாவது லேபிள், வெளியிட்டால் அது இண்டி. பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டிக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கினார்கள். அதில் இடம்பிடிக்க ஒரே ஒரு தகுதிதான்: இசைத்தட்டு பெரிய நிறுவனங்களின் விநியோகத்தில் போகாமல் கடைக்கு வந்திருக்க வேண்டும். பாட்டு எப்படி ஒலித்தது என்று யாரும் கேட்கவில்லை.

1986இல் என்.எம்.இ. என்ற இசை வார இதழ், 22 குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து ‘சி86’ என்று ஒரு கேசட் வெளியிட்டது. இண்டி பாப் என்றால் ஒரு குறிப்பிட்ட ஓசை என்ற எண்ணம் வேரூன்ற அது பெரிய காரணம். கம்பிகளை மொத்தமாக வழிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டிவிடும் பளிச்சென்ற கிட்டார், பயிற்சியைக் காட்டிக்கொள்ளாமல் பேச்சுவாக்கில் பாடும் குரல், உடனே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, மூன்று சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிடும் நீளம். இந்த ஓசையில் சோனி வெளியிட்டாலும் இன்று அதை இண்டி பாப் என்றே சொல்கிறார்கள்.

தமிழில் மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்துகொண்டது. படத்தில் வராத பாட்டென்றால் இண்டி. ராப், கானா, காதல் மெலடி எல்லாம் அதே கூடைக்குள். மலேசியாவில் அதையே ‘லோக்கல் பாட்டு’ என்போம்.

ஆக யாராவது “நல்ல இண்டி பாட்டு சொல்லேன்” என்றால், கேட்பது சின்ன லேபிளா, அந்தக் கிட்டார் ஓசையா, படத்தில் வராத பாட்டா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பின் தேடல் பெட்டியில் வெறுமனே ‘இண்டி’ என்று அடித்தால் மூன்றும் கலந்து வருவது இதனால்தான்.

## ருசி தெரியாத கடைக்காரர்

தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி நோட்டு, அட்டையில் 555 என்று அச்சடித்திருக்கும். மளிகைக் கடையில் கடனாக வாங்கியதெல்லாம் அதில் ஏறும். சம்பளம் போட்டதும் கூட்டிப் பார்த்துக் கட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம்.

இப்போது கடை முதலாளிக்கு ருசியே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா வீட்டுப் புத்தகங்களையும் புரட்டிப் பார்க்கிறார். நெத்திலியும் பெலாச்சானும் சேர்த்து வாங்கும் வீடுகளில் பல, ஒரு குறிப்பிட்ட ஊறுகாயையும் வாங்குவது கண்ணில் படுகிறது. உங்கள் புத்தகத்தில் நெத்திலி இருக்கிறது, பெலாச்சான் இருக்கிறது, அந்த ஊறுகாய் இல்லை. “இதை எடுத்துப் பாருங்கக்கா” என்று நீட்டுகிறார். அது புளிக்குமா உறைக்குமா என்று அவருக்குத் தெரியாது. உங்கள் புத்தகத்தைப் போன்ற புத்தகம் உள்ளவர்கள் வாங்கினார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

பாட்டு ஆப்களின் முதல் அடிப்படையும் இதுவே. ‘கொலாபரேட்டிவ் ஃபில்டரிங்’ என்பார்கள். பலருடைய தேர்வுகளை ஒப்பிட்டு ஒருவருக்குப் பொருந்துவதைப் பொறுக்குவது என்று பொருள். 1992இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், குவியும் மின்னஞ்சலைச் சலித்தெடுக்க எழுதிய மென்பொருளுக்காக வந்த பெயர் இது. 1994 வாக்கில் எம்ஐடியில் ‘ரிங்கோ’ என்று பாட்டுக்கென்றே ஒன்றைச் செய்தார்கள். பாடகர்களுக்கு மதிப்பெண் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினால், உங்களைப் போலவே போட்ட மற்றவர்களைப் பார்த்து நீங்கள் கேட்டிராத பெயர்களைத் திருப்பி அனுப்பும். இன்றைய ஆப் மதிப்பெண் கேட்பதில்லை. எதைக் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள், எதைச் சேமித்தீர்கள் என்று தானாகவே எழுதிக்கொள்கிறது.

## கணக்கு எப்படிப் போகிறது

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் இரண்டு தடவை படிக்கலாமென்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

ஊரில் 1,000 பேர் பாட்டுக் கேட்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த இண்டி பாட்டு ஒன்றை, உங்களைத் தவிர 10 பேர் கேட்கிறார்கள். அந்த 10 பேரில் 8 பேர் பெரிய சினிமாப் பாட்டு ஒன்றையும் கேட்கிறார்கள். 6 பேர், யாரும் அதிகம் அறியாத இன்னொரு பாட்டையும் கேட்கிறார்கள். உங்களுக்கு எதைச் சொல்வது? 8 பெரியது, எனவே சினிமாப் பாட்டு என்று தோன்றும். ஆனால் ஊர் முழுக்கவே 1,000இல் 900 பேர், அதாவது 90 சதவீதம், அதைக் கேட்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் 80 சதவீதம்தான். ஊர் சராசரியைவிடக் குறைவு. தெரியாத பாட்டை ஊரில் கேட்பவர்கள் 20 பேர், வெறும் 2 சதவீதம். உங்கள் கூட்டத்திலோ 60 சதவீதம். முப்பது மடங்கு! உங்களுக்குச் சேர வேண்டியது இரண்டாவது பாட்டு.

எல்லார் புத்தகத்திலும் அரிசி இருக்கும். அரிசியை வைத்து ஒருவருடைய ருசியைச் சொல்ல முடியாது.

இது தெரிந்தும் ஆப் ஏன் அரிசியையே நீட்டுகிறது? காரணம், 10 பேர் என்பது மிகச் சின்னக் கூட்டம். 6 பேரில் 3 பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் அந்த முப்பது மடங்கு வெறும் தற்செயல். ஆதாரம் மெலிவாக இருக்கும் இடத்தில் கணக்கு பின்வாங்கி, பலர் கேட்ட பாதுகாப்பான பாட்டைக் கொடுக்கும். அதனால் அந்தப் பாட்டை இன்னும் பலர் கேட்பார்கள், அடுத்த வாரம் அதன் கை இன்னும் ஓங்கும். இதைப் பிரபலச் சாய்வு என்பார்கள். இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, கணக்கே போதும்.

நேற்று வெளியான பாட்டின் நிலை இன்னும் மோசம். யார் புத்தகத்திலும் அது இல்லை. ஒப்பிட ஒன்றுமில்லாத இந்தத் தொடக்க நிலைக்குக் கோல்ட் ஸ்டார்ட் என்று பெயர். உள்ளூர்ப் பாட்டு வராமல் போவதற்கு இதுவே தலையாய காரணம்.

உண்மையில் ஆப்பிடம் இருப்பது 1,000 பேர் இல்லை, கோடிக்கணக்கானவர்கள். ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரோடும் ஒப்பிட நேரம் போதாது. அதனால் அந்தப் பெரும் பதிவையெல்லாம் சுருக்கி, பாட்டுக்கு ஒரு எண் வரிசை, கேட்பவருக்கு ஒரு எண் வரிசை என்று ஆக்கிக்கொள்கிறது. இந்த எண் வரிசைதான் வெக்டர். ஒரே ஆட்கள் கேட்கும் பாட்டுகளின் எண்கள் நெருங்கி அமையும். உங்கள் எண்களுக்கு அருகில் எந்தப் பாட்டின் எண்கள் இருக்கின்றனவோ அவை பட்டியலில் வரும். அதற்குள் இருக்கும் கணிதம் இங்கே தேவையில்லை.

இதுவரை பார்த்தது: ஆப் முதலில் பார்ப்பது பாட்டை அல்ல, அதோடு சேர்த்து வேறு எதைக் கேட்டார்கள் என்பதை. கேட்பவர்கள் குறைந்தால் அதன் கை நடுங்கும், பெரிய பாட்டுப் பக்கம் சாயும்.

## ஒலியை அளக்கும் இரண்டாவது வழி

கோல்ட் ஸ்டார்ட்டுக்கு மாற்று, பாட்டின் ஒலியையே அளப்பது. தாள வேகம், சத்தத்தின் ஏற்ற இறக்கம், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று கணினி அளந்து, அதற்கும் எண் வரிசை போடும். ஸ்பாட்டிஃபை 2014இல் எக்கோ நெஸ்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது இந்தத் திறமைக்காகவும்தான். 2015 ஜூலையில் வந்த டிஸ்கவர் வீக்லி, அதாவது திங்கட்கிழமைதோறும் புதுப்பிக்கப்படும் 30 பாட்டு, பலவிதக் கணக்குகளைக் கலந்து வருவது.

இந்த வழியின் கோளாறுகள் வேறு மாதிரி. நிமிடத்துக்கு 70 தட்டு உள்ள பாட்டை 140 என்று எண்ணிவிடும். தூக்கம் வரவைக்கும் பாட்டு ஆட்டப் பாட்டுகளின் நடுவில் வந்து உட்காரும். பாட்டின் வரி எதைப் பற்றியது என்பது ஒலி அளவையில் தெரியாது. ஒப்பாரியும் தாலாட்டும் அதற்கு ஏறத்தாழ ஒன்று.

சில சமயம் இது அதிசயமும் செய்யும். கேலக்ஸி 500 என்ற அமெரிக்க இண்டி குழு 1989இல் ‘ஆன் ஃபயர்’ ஆல்பத்தை வெளியிட்டது. அதில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்று ஒரு பாட்டு. தனி வெளியீடாக வந்ததில்லை, அவர்களுடைய பெயர்பெற்ற பாட்டுகளில் ஒன்றுமில்லை. ஆனால் சுமார் 28 ஆண்டு கழித்து ஸ்பாட்டிஃபையில் அவர்களின் மற்றப் பாட்டுகளையெல்லாம் தாண்டிக்கொண்டு ஓடியது. குழுவின் டிரம்மர் டேமன் கிருகோவ்ஸ்கி 2018இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு ஆல்பம் முடிந்ததும் ஆப் தானாக அடுத்த பாட்டைப் போடும் ஆட்டோப்ளே வசதி 2017 தொடக்கத்தில் எல்லாருக்கும் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. இந்தப் பாட்டு அந்தக் குழுவின் சொந்தப் பாணியைவிட மற்றக் குழுக்களின் பாட்டுகளோடு நன்றாக ஒத்துப்போனது. அதனால் யார் எதைக் கேட்டாலும் பின்னால் ஒட்டிக்கொண்டு வர முடிந்தது. வித்தியாசமான பாட்டுகளை விட்டுவிட்டு, பொதுவாக ஒலித்த பாட்டை ஆப் தூக்கிவிட்டது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அந்தக் குழுவுக்கே சங்கடம்தான்.

காசு விஷயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஸ்பாட்டிஃபையில் டிஸ்கவரி மோட் என்று ஒன்று 2020 இறுதியில் அறிவிக்கப்பட்டது. கலைஞரோ லேபிளோ உரிமைத்தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், ஒத்த பாட்டுகளை ஆப்பே தொடர்ந்து போடும் ரேடியோ, ஆட்டோப்ளே போன்ற இடங்களில் அந்தப் பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. ஆக அண்ணனுக்கு எதிரில் இருந்தவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் கேட்பவர்கள் உடனே தள்ளிவிட்டால் அந்த வாய்ப்பும் நிலைக்காது. இவை தவிர, ஆட்களே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் பட்டியல்களும் உண்டு. அவற்றுக்குப் பாட்டை வெளியீட்டுக்கு முன்பே அனுப்ப வேண்டும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் அந்தப் பாட்டு வரும். வெளியிட்ட பிறகு ஓடினால் பயனில்லை. உள்ளூர்க் குழுக்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

## நம் ஊரில் கணக்கு எங்கே தடுமாறுகிறது

முதல் தடுமாற்றம், வீட்டுக்கு ஒரு புத்தகம். காலையில் அம்மா கந்த சஷ்டி கவசம் போடுகிறார். அப்பா காடியில் எம்.எஸ்.வி. மெலடி. தங்கச்சி கொரியப் பாட்டு. ராத்திரி நீங்கள் கிட்டார் பாட்டு. எல்லாம் ஒரே கைப்பேசி, ஒரே கணக்கு. இந்த நான்கையும் விரும்பும் ஒரே மனிதர் இருப்பதாக ஆப் நம்புகிறது. அப்படியொருவர் உலகத்தில் கிடையாது. அதனால் வரும் பட்டியல் யாருக்கும் பொருந்துவதில்லை.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பாட்டுகளின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றப்படுகிறது. ‘காதல்’ என்று எழுத, நெடிலுக்கு ஒருவர் ஒரு ‘a’ போடுவார், இன்னொருவர் இரண்டு. ‘த’வுக்கு ஒருவர் ‘th’, இன்னொருவர் ‘dh’. ஒரே சொல்லுக்கு நான்கு வடிவம் ஆயிற்று. தேடி வரவில்லை என்றால் பாட்டு இல்லை என்று முடிவுகட்டாமல் நான்கையும் போட்டுப் பாருங்கள். பிறகு தமிழ் எழுத்தில் போடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பாடியவர் பெயர். உள்ளூர்ப் பாடகர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், வேறு நாட்டில் அதே பெயருள்ளவரின் பக்கத்தில் பாட்டு போய் ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. பாட்டு ஏற்றுகிறவர்கள் வெளியான அன்றே தங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தப்பாகப் போயிருந்தால் விநியோகம் செய்யும் நிறுவனத்துக்கு எழுதினால் மாற்றித் தருவார்கள்.

மூன்றாவது, கூட்டத்தின் அளவு. ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஆறு வருடம் நாம் முந்தி. ஆனால் மலேசிய இந்தியர்கள் மொத்தமே சுமார் 20 லட்சம். தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடிக்கு மேல். தமிழ்ப் பாட்டு என்றாலே எல்லார் புத்தகத்திலும் சென்னைச் சினிமா நிறைந்திருக்கும். ஈப்போவிலோ சுங்கை பட்டாணியிலோ பதிவான பாட்டு அந்தக் கூட்டத்தில் 10 பேர் கேட்ட பாட்டுதான். மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளில் மனிதர்கள் பாட்டுத் தேர்ந்தெடுப்பதால், உள்ளூர்ப் பாட்டை முதன்முதலாகக் கேட்க வானொலி இன்னும் நல்ல இடம். கேட்டதும் பெயரைக் குறித்துக்கொண்டு ஆப்பில் நீங்களே போய்த் தேட வேண்டும்.

## ஆப்பைப் பழக்குவது

முதல் வேலை, புத்தகத்தைப் பிரிப்பது. ஆளுக்கொரு கணக்கு முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், வீட்டுக்குப் பொதுவாகப் பாட்டுப் போடும்போது ஸ்பாட்டிஃபையில் ப்ரைவேட் செஷனை இயக்குங்கள். சில மணி நேரத்தில் அது தானாக அணைந்துவிடும், நினைவிருக்கட்டும். சஷ்டி கவசம் போன்ற தினசரிப் பட்டியல்களுக்கு, பட்டியலின் மூன்று புள்ளிகளைத் தொட்டால் ரசனைக் கணக்கிலிருந்து நீக்கும் வசதி இருக்கிறது. யூடியூபில் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், சம்பந்தமில்லாதவற்றை ஒவ்வொன்றாக அழிக்கலாம். வரலாற்றையே நிறுத்திவிட்டால் பரிந்துரையும் வறண்டுவிடும்.

பிறகு ஒரு விதைப் பட்டியல். புதிய பட்டியல் ஒன்றில் 8 முதல் 12 பாட்டு போதும். ஆனால் எல்லாம் ஒரே வாடை அடிக்க வேண்டும்: பளிச்சென்ற கிட்டார், மெல்லிய குரல், மிதமான வேகம். இதில் ஒரு பெரிய ஹிட் கலந்தாலும் கணக்கு அரிசிப் பக்கம் போய்விடும். பட்டியலின் அடியில் ஆப் காட்டும் பரிந்துரைகளைப் பாருங்கள். பிடித்ததை மட்டும் சேருங்கள், புதுப்பித்து மறுபடி பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் குறுகி, உங்களுக்கு அருகில் வரும்.

ரேடியோ போடும்போது ஒரு குழுவின் முதலிடத்துப் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். அதைக் கேட்டவர்கள் எல்லா வகையினரும் இருப்பார்கள். ஆல்பத்தின் நடுவில் இருக்கும் ஆறாவது, ஏழாவது பாட்டிலிருந்து தொடங்கினால், அந்தக் குழுவை உண்மையாக விரும்புகிறவர்களின் புத்தகம் கிடைக்கும். மேலே போட்ட 1,000 பேர் கணக்குதான் இதற்கும் காரணம்.

பிடிக்காததைத் தள்ளத் தயங்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாக எண்ணிக்கையில் சேரும். பாத்திரம் கழுவும்போது ஓடவிட்டுவிட்டு, பிடிக்காத பாட்டு முழுதாக ஓடிமுடிந்தால் அதுவும் உங்கள் புத்தகத்தில் ஏறும்.

தோட்டப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு லைன் ஒரு தொல்லை. செம்பனைக் காட்டுக்குள் போனால் கைப்பேசி வெறும் கடிகாரம். கட்டணச் சந்தா இருந்தால் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். மூன்றரை நிமிடப் பாட்டு, 96 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 2.5 எம்பி. 160இல் 4.2 எம்பி. 320இல் 8.4 எம்பி. டிஸ்கவர் வீக்லியின் 30 பாட்டும் 160இல் 126 எம்பிக்குள் அடங்கும். சின்ன ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு 320 வீண். இறக்கிய பாட்டுகள் நிலைக்க, 30 நாளுக்கு ஒரு தடவையாவது ஆப்பை இணையத்தில் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டுக்குள் நிற்கும்போது பட்டியல் காலியாக இருக்கும்.

சுருக்கமாக: கணக்கைப் பிரியுங்கள், குறுகிய விதை போடுங்கள், ஹிட்டை விலக்குங்கள், வேண்டாததை 30 வினாடிக்குள் தள்ளுங்கள்.

## பழைய பாட்டைத் தோண்டுவது

பழைய இண்டி பாட்டுக்கு ஆப்பை நம்புவது வீண். 1980களில் சில நூறு இசைத்தட்டு மட்டும் அடித்த பாட்டை இன்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? இங்கே லேபிளைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. சின்ன லேபிளை நடத்தியவர் ஒருவரோ இருவரோ. அவர்களுடைய காதுதான் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தது. ஒன்று பிடித்தால் இன்னும் பத்து பிடிக்க நல்ல வாய்ப்புண்டு.

தொடக்கத்துக்குச் சில பெயர்கள்: கிளாஸ்கோவின் போஸ்ட்கார்ட், 1979இல் தொடங்கியது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் ஃப்ளையிங் நன், 1981. அமெரிக்காவின் ஒலிம்பியாவில் கே ரெக்கார்ட்ஸ், 1982. பிரிஸ்டலின் சாரா ரெக்கார்ட்ஸ், 1987 முதல் 1995 வரை. சாரா வெளியீடுகளுக்கு ஒன்றிலிருந்து நூறு வரை எண் உண்டு; நூறு வந்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள். 50ஆம் எண்ணைத் தேடி அலையாதீர்கள், அது பாட்டே இல்லை, ஒரு பலகை விளையாட்டு. டிஸ்காக்ஸ் தளத்தில் லேபிளின் பெயரைப் போட்டால் வெளியீடுகள் எண் வரிசையில் வரும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யூடியூபில் ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

ஆப்பில் போட்டிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். மறுவெளியீடு, ரீமாஸ்டர் ஆண்டுதான் பல சமயம் அங்கே இருக்கும். பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் ‘டைகர்மில்க்’ 1996இல் வெறும் 1,000 தட்டு அச்சாகி, 1999இல் மறுபடி வந்தது. ஆண்டு வாரியாகத் தேடினால் இப்படிப்பட்டவை நழுவும். முதல் வெளியீட்டு ஆண்டையும் டிஸ்காக்ஸில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் லேபிள் வழி அவ்வளவு உதவாது. ஆட்களைப் பிடித்துப் போக வேண்டும். சென்னையின் குரங்கன் குழுவில் கபேர் வாசுகியும் தென்மாவும். தென்மாவைப் பிடித்தால் 2017இல் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து உருவாக்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். அதிலிருந்து ராப் பாடகர் அறிவு. அறிவிலிருந்து, பாடகி தீயோடு அவர் பாடிய 2021இன் ‘எஞ்சாய் எஞ்சாமி’. அதன் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அங்கே சினிமா வந்துவிட்டது, நூல் அறுந்துவிட்டது. எப்போதும் சின்னப் பெயரைப் பிடியுங்கள். அலோர் ஸ்டாரில் பிறந்த பாடகி யூனாவின் 2012ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைத் தயாரித்தவர் ஃபாரெல் வில்லியம்ஸ் என்று பிடித்துப் போனால், உலகத்தில் பாதிப் பாட்டுகளுக்குப் போய்விடலாம், வேண்டிய இடத்துக்கு மட்டும் போக முடியாது. பேஸ் கிட்டார் வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர் பெயர்கள்தான் நல்ல நூல்.

குழுக்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால், அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் தெரியும். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய எல்லாம் திறக்கும். மற்றவர் 555 புத்தகத்தை நீங்களே புரட்டலாம், நடுவில் கணக்குப் போடும் ஆளே வேண்டாம். அதிலும் 3,000 ஆல்பம் வாங்கியவரை விடுங்கள், 40 வாங்கியவரைப் பாருங்கள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் எடுப்பது பொதுவாக 15 சதவீதம். சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுவிடுகிறது. அந்த வழக்கம் 2020 மார்ச்சில் தொடங்கியது. வாங்க நினைக்கிறவர்கள் அந்த நாளுக்குக் காத்திருந்தால் குழுவுக்கு அதிகம் போகும்.

## பிறருக்குச் சொல்வது

நல்ல பாட்டைக் கெடுக்க எளிய வழி, 40 பாட்டுப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது. யாரும் திறக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு பாட்டு. கூடவே ஒரு வரி: எதைக் கேட்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில். “ஒன்றரை நிமிஷத்துல டிரம்ஸ் நின்னுட்டு பேஸ் மட்டும் வரும், அங்க பாருங்க மாமா” என்றால் மாமா கேட்பார். “செம்ம பாட்டு” என்று அனுப்பினால் கட்டை விரல் ஒன்று திரும்பி வரும்.

அவர் ஏற்கெனவே விரும்பும் ஒரு அம்சத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது புதிதாக இருக்கலாம். இளையராஜாவின் பேஸ் நடையை ரசிப்பவருக்கு, பேஸ் முன்னால் வரும் இண்டி பாட்டு. மொழியும் புதிது, ஓசையும் புதிது, குரலும் புதிது என்றால் எட்டு வினாடியில் தள்ளிவிடுவார். இரண்டு பாட்டு அனுப்பிப் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், சொந்தபந்தத்துக்குள் பாட்டுக்காக மனஸ்தாபம் வேண்டாம்.

இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். உங்களுடைய ஆப் அவரிடம் இல்லாமலிருக்கலாம், உறுப்பினர் கணக்குக் கேட்டுத் திறக்காமலும் போகலாம். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், ஆண்டு நான்கையும் எழுத்தில் போடுங்கள். தமிழ்ப் பாட்டென்றால் ஆப்பில் இருக்கும் அதே ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் அந்த நான்கு வடிவத்தையும் போட்டுத் தேடிக்கொண்டிருப்பார். உள்ளூர்க் குழுவின் பாட்டானால், பிடித்திருந்தால் சேமிக்கச் சொல்லுங்கள். பெரிய பாட்டுக்கு ஒருவர் கூடினால் தெரியாது, 10 பேர் கேட்கும் பாட்டுக்குப் பதினோராவது ஆள் வருவது கணக்கில் தெரியும்.